நிமிர்ந்து பார்த்த மாதா

ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால், இத்தாலி தேசத்து மலை நகரம் ஒன்றில் ஒரு கன்னியர் மடம் இருந்தது. அந்த மடத்துச் சகோதரிகள் பலகையில் மாதா படம் வரைந்து கொடுப்பார்கள். கல்யாணம், பிரசவம், பயணம் எதுவானாலும் ஊர்க்காரர்கள் அங்கே வந்து ஒரு படம் கேட்பார்கள். மடத்தில் வாங்கினால் படத்தோடு ஜெபமும் சேர்ந்து வரும் என்று ஒரு நம்பிக்கை.

படம் வரைவதில் குரு ஓர்சொலா. வயது இருபத்தாறு. சிஷ்யை தெஸ்ஸாவுக்கு வயது முப்பத்துநாலு. ஆனாலும் தெஸ்ஸாதான் ஓர்சொலாவை அக்கா என்று கூப்பிட வேண்டும். மடத்தில் வயதுக்கு மரியாதை கிடையாது, உள்ளே வந்த நாளுக்குத்தான் மரியாதை. ஓர்சொலா ஆறு வயதில் வந்தவள். தெஸ்ஸா வந்து ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது.

ஓர்சொலாவின் கைத்திறமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஒரே ஒரு குறைதான். அவள் வரைகிற மாதா மடியில் இருக்கும் பாலனைப் பார்ப்பதில்லை. படத்துக்கு முன்னால் நிற்கிறவரைப் பார்ப்பாள். இந்தப் பக்கம் நகர்ந்தாலும் பார்ப்பாள், அந்தப் பக்கம் நகர்ந்தாலும் பார்ப்பாள். புதுமணப்பெண் ஒருத்தி கூச்சம் தாங்காமல் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டிவிட்டாள். "மடத்து மாதா முறைக்கிறாள்" என்று சந்தையில் பேச்சு. அந்தப் பேச்சு ஓர்சொலா காதிலும் விழும். அடுத்த படத்திலும் மாதா முறைப்பாள்.

திராட்சை அறுவடைக்கு ஒரு மாதம் இருக்கும்போது பார்தொலோ என்ற கம்பளி வியாபாரி மடத்துக்கு வந்தார். வெளியாட்கள் மடத்துக்குள் வர முடியாது. பேச்சு அறையில் ஒரு இரும்புக் கம்பிச் சன்னல் இருக்கும், அதன் மேல் கறுப்புத் திரை. அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்தார், இந்தப் பக்கம் ஓர்சொலா.

"ஒண்ணரைச் சாண் பலகை போதும். செத்துப்போன என் தம்பியோட மகன் கப்பல் ஏறப் போறான். தூர தேசத்துல எங்க ஆள் ஒருத்தர்கிட்ட தொழில் கத்துக்கணும். திரும்பி வர எத்தனை வருஷம் ஆகுமோ. கூடவே ஒரு மாதா இருக்கட்டும்னு பார்த்தேன்."

"பிள்ளைக்கு என்ன வயசு?"

"பன்னிரண்டு. தத்தேயோன்னு பேரு. இன்னொண்ணு சொல்லணும். பாலனைப் பார்க்கிற மாதாவா இருக்கட்டும். முறைக்கிற மாதா வேண்டாம்."

ஓர்சொலா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அறுவடை முடிந்து வரச் சொல்லி அனுப்பிவிட்டு வேலை அறைக்கு வந்தாள். தெஸ்ஸா கல்லில் வண்ணம் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"தத்தேயோன்னு ஒரு பையனுக்குப் படம் வேணுமாம்," என்றாள் ஓர்சொலா. "பார்தொலோ வந்துட்டுப் போறார்."

அரைக்கிற சத்தம் நின்றது.

தத்தேயோ தெஸ்ஸாவின் மகன்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. புருஷன் செத்தால், சின்ன வயதுப் பெண்ணை அண்ணன்மார் வந்து பிறந்த வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள், மறுபடி கட்டிக்கொடுக்க. அவள் போகலாம், அவள் கொண்டுவந்த சீதனப் பெட்டி போகலாம். பிள்ளை போகக் கூடாது. பிள்ளை தகப்பன் வீட்டைச் சேர்ந்தது. அந்த வழக்கத்தை உண்டாக்கியவர்கள் யாரும் பிள்ளை பெற்றவர்களாக இருக்க முடியாது.

தெஸ்ஸாவின் புருஷன் காய்ச்சலில் போனபோது அவளுக்கு இருபத்துநாலு வயது. பிள்ளைக்கு இரண்டு. அண்ணன்மார் குதிரையோடு வந்து நின்ற நேரத்தில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். அவன் எழுந்திருக்கட்டும் என்றாள். எழுந்தால் அழுவான், நேரமாகிவிடும் என்றார்கள். பிறகு பார்த்த இரண்டு சம்பந்தமும் கூடிவரவில்லை. மூன்று வருஷம் வீட்டில் வைத்திருந்துவிட்டு மடத்தில் கொண்டுவந்து விட்டார்கள்.

இப்படிப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற பெண்களுக்கு ஊர் ஒரு பேர் வைத்திருந்தது. கல்நெஞ்சுக்காரி. தத்தேயோ அந்தப் பேரைக் கேட்டு வளர்ந்தான். தெஸ்ஸா மடத்தில் இருப்பது பார்தொலோவுக்குத் தெரியும். அவள் பையனோடு பேசக் கூடாது என்று மடத்துத் தலைவியிடம் என்றைக்கோ வாக்கு வாங்கியிருந்தார். அவள் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொண்டது மட்டும் அவருக்குத் தெரியாது.

ஓர்சொலா ஒரு பலகையை எடுத்து தெஸ்ஸாவின் முன்னால் வைத்தாள். ஒன்றரைச் சாண் உயரம். வெள்ளை பூசி, தேய்த்து, வழவழவென்று இருந்தது.

"இது உனக்கு."

தெஸ்ஸா இரண்டு கைகளையும் மேலங்கிக்குள் வைத்துக்கொண்டாள்.

மூன்று நாள் அவள் பலகையைத் தொடவில்லை. நான்காம் நாள் கேட்டாள்.

"அக்கா, இந்த முகத்தைப் பார்த்தா அவனுக்கு என்னைத் தெரியணும். அதுக்கு எப்படி வரையணும்?"

"அவன் உன்னைக் கண்டுபிடிக்கணுமா, நீ அவனைக் கண்டுபிடிக்கணுமா?"

"புரியலை அக்கா."

"சரி, பச்சை நிற மண்ணை அரை."

முகம் வரைய முதலில் பச்சை பூச வேண்டும். அதன் மேல்தான் ரோஜா நிறம் ஏறும். அடியில் பச்சை இல்லாத முகத்தில் உயிர் இருக்காது என்பார்கள். பச்சை மட்டும் இருக்கும்போதோ செத்த முகம் மாதிரி இருக்கும். தெஸ்ஸா ஒரு வாரம் அந்தப் பச்சை முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். தாய் முகமும் பச்சை, பிள்ளை முகமும் பச்சை.

அடுத்தது முட்டை. வண்ணத்தை மஞ்சள் கருவில்தான் குழைக்க வேண்டும். நகரத்துக் கோழி முட்டையில் கரு வெளுப்பாக இருக்கும், சின்ன வயது முகத்துக்கு ஏற்றது. மடத்துத் தோட்டத்தில் மேய்கிற கோழியின் கரு சிவந்திருக்கும். அது வயதான முகத்துக்கு.

"நகரத்து முட்டை வேணும் அக்கா," என்றாள் தெஸ்ஸா. "மாதாவுக்கும் சேர்த்து."

"உனக்கு என்ன வயசு?"

"முப்பத்துநாலு."

ஓர்சொலா தோட்டத்துக்குப் போய், கூட்டிலிருந்து ஒரு முட்டை எடுத்துவந்து அவள் கையில் வைத்தாள். இன்னும் சூடாக இருந்தது.

"அவன் பார்த்தது இருபத்துநாலு வயசுக்காரியை," என்றாள் தெஸ்ஸா. "இந்த முகத்தை அவன் பார்த்ததே இல்லை."

"தெரியும்," என்று சொல்லிவிட்டு ஓர்சொலா போய்விட்டாள்.

தெஸ்ஸா அந்த முட்டையைச் சமையல்கட்டில் கொடுத்துவிட்டாள். வாசல் காக்கும் சகோதரியைக் கெஞ்சி நகரத்து முட்டை வரவழைத்தாள். குருவின் சொல்லை அவள் மீறியது அதுதான் முதல் தடவை. பத்து வருஷம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் கையில் இறங்கியது. வேறு எப்படிச் சொல்வது? விரல் தானாகப் போயிற்று.

இருபத்துநாலு வயதுத் தாய் ஒருத்தி தலை குனிந்து மடியில் இருக்கும் பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை அண்ணாந்து அவளைப் பார்த்தது. தாயின் இடது கை பிள்ளையின் பாதத்தைப் பொத்திப் பிடித்திருந்தது. பால் கொடுக்கும்போது தெஸ்ஸா அப்படித்தான் பிடித்துக்கொள்வாள். பிடிக்காவிட்டால் பையன் உதைத்துக்கொண்டே இருப்பான்.

படத்தைப் பார்க்க மடமே வந்தது. சமையல் சகோதரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மடத்துத் தலைவிகூட வந்து, வெகுநேரம் நின்று, சிலுவை போட்டுக்கொண்டு போனார். இத்தனை வருஷத்தில் அந்த அறையில் இவ்வளவு நல்ல படம் வந்ததில்லை. ஓர்சொலாவும் இதற்கு ஈடாக வரைந்ததில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லோரும் போன பிறகு ஓர்சொலா படத்தைச் சுவரில் மாட்டினாள்.

"பன்னிரண்டு வயசுப் பையன் முழங்கால் போட்டா அவன் கண்ணு எந்த உயரத்துல இருக்கும்?"

தெஸ்ஸா யோசித்து, கையால் காட்டினாள்.

"அந்த உயரத்துல இரு. மாலை ஜெப மணி அடிக்கிற வரைக்கும் படத்தைப் பார்த்துக்கிட்டு இரு. நான் வர்றேன்."

தெஸ்ஸா முழங்காலில் உட்கார்ந்து உடம்பைக் குறுக்கிக்கொண்டாள். சன்னல் வெளிச்சம் தரையில் நகர்ந்து, சுவர் ஏறி, மங்கியது. மணி அடித்ததும் ஓர்சொலா வந்தாள்.

"என்ன பார்த்தே?"

"என் பிள்ளையை."

"சரி. உன்னை யாரு பார்த்தாங்க?"

"என்னை எதுக்கு அக்கா பார்க்கணும்?"

"நீ இப்போ தெஸ்ஸா இல்லை. நீ தத்தேயோ. தூர தேசத்துல ஒரு வீட்டு மாடியில, பாஷை தெரியாத ஊர்ல, இந்தப் படத்துக்கு முன்னால முழங்கால் போட்டிருக்கே. உன்னை யாரு பார்த்தாங்க?"

தெஸ்ஸாவுக்குக் கோபம் வந்தது. முழங்கால் வலி வேறு. "அந்தப் பிள்ளைதான் அவன். மடியில இருக்கிறது அவன்தான். பெத்தவளுக்கு அது தெரியும். நீங்க பெத்திருந்தா உங்களுக்கும் தெரியும்."

சொன்ன பிறகு அவளுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஓர்சொலா கோபப்படவில்லை. வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"கோயில்ல இடது பக்கப் பீடத்துல ஒரு பழைய மாதா படம் இருக்கே, பார்த்திருக்கியா?"

"தினமும் பார்க்கிறேன்."

"ஆறு வயசுல எங்க அம்மா என்னை அதுக்கு முன்னாலதான் நிறுத்தினாங்க. 'மாதாவைப் பார்த்துக்கிட்டு இரு, இதோ வந்துடுறேன்'னு சொன்னாங்க. நான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஒன்பது வருஷம்."

தெஸ்ஸா அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"ரொம்ப அழகான படம் அது. மாதா குனிஞ்சு பிள்ளையைப் பார்க்கிறாங்க, பிள்ளை மாதாவைப் பார்க்குது. அவங்க ரெண்டு பேருக்கும் வேற யாரும் தேவைப்படலை. நான் இருமிப் பார்ப்பேன். தரையைத் தட்டிப் பார்ப்பேன். ஒரு தடவை மெழுகுதிரியைக் கீழே தள்ளிக்கூட விட்டேன். ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்ப்பாங்கன்னு நினைச்சேன்."

"பார்த்தாங்களா?"

"இல்லை. பதினஞ்சு வயசுல தூரிகையைக் கையில எடுத்தேன்."

சொல்லிவிட்டு ஓர்சொலா எழுந்து ஜெபத்துக்குப் போனாள். தெஸ்ஸா பின்னால் நடந்தாள். கோயிலில் அவள் இடது பக்கப் பீடத்தைப் பார்த்தாள். ஏழு வருஷமாக அழகு என்று நினைத்திருந்த படம் அது. இன்றைக்கு அதன் முன்னால், இருமிக்கொண்டு நின்ற ஒரு சின்னப் பெண்தான் அவள் மனசில் தெரிந்தாள்.

மறுநாள் தெஸ்ஸா கத்தியை எடுத்துக்கொண்டு படத்தின் முன் உட்கார்ந்தாள். மாதாவின் கண்ணை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்கிற மாதிரி மறுபடி வரைய வேண்டும். சின்ன வேலைதான். மத்தியானம் வரை கத்தி பலகையில் படவில்லை.

"முடியலை அக்கா," என்றாள். "பிள்ளைகிட்ட இருந்து கண்ணை எடுக்க என்னால முடியலை."

"ஒரு தடவை எடுத்திருக்கியே."

அது கொடுமையான பேச்சு. குருமார்கள் சில சமயம் இப்படித்தான் பேசுகிறார்கள். நாம் கேட்டுக்கொண்டிருந்தால் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்போம். தெஸ்ஸாவும் சொன்னாள்.

"நான் எடுக்கலை. தூங்கிட்டிருந்த பிள்ளைகிட்ட இருந்து என்னைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாங்க. வாசல் தாண்டுற வரைக்கும் திரும்பிப் பார்த்துக்கிட்டேதான் போனேன்."

"எனக்கு அது தெரியும்," என்றாள் ஓர்சொலா. இப்போது குரல் தணிந்திருந்தது. "அவனுக்குத் தெரியாதே. அவன் தூங்கிட்டிருந்தான்."

தெஸ்ஸா அழுதாள். முதலில் சத்தம் இல்லாமல், பிறகு சத்தமாக. ஓர்சொலா தடுக்கவில்லை. அழுகை ஓய்ந்ததும் தெஸ்ஸா மூக்கைத் துடைத்துக்கொண்டு கத்தியை எடுத்தாள்.

கண்ணை மாற்றியதும் வேறு ஒரு சங்கடம் வந்தது. தலை குனிந்திருக்க, கண் மட்டும் மேலே பார்த்தால் களவாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. தலையையே நிமிர்த்த வேண்டும். அப்படியென்றால் முகம் முழுவதும் போக வேண்டும். இருபத்துநாலு வயது முகத்தை, அவளே இழைத்து இழைத்து வரைந்த முகத்தை, அவளே சுரண்டினாள். முகம் இருந்த இடத்தில் வெள்ளைப் பலகை தெரிந்தது. அதில் மறுபடி பச்சை பூசி, காயவைத்தாள்.

பிறகு எழுந்து, யாரும் சொல்லாமலே, தோட்டத்துக் கோழிக்கூட்டுக்குப் போனாள்.

சிவந்த கருவில் குழைத்த வண்ணத்தில் முப்பத்துநாலு வயது முகம் ஒன்று மெல்ல மெல்ல வந்தது. கண்ணோரத்தில் இரண்டு கோடு. உதடு கொஞ்சம் இறுகியிருந்தது. மாதா தலை நிமிர்ந்து நேரே பார்த்தாள். மடியில் இருந்த பிள்ளை மட்டும் முன்போலவே அண்ணாந்து தாயைப் பார்த்தது. பாதத்தைப் பிடித்த கையை தெஸ்ஸா தொடவே இல்லை. அந்தக் கை அப்படியே இருந்தது.

இந்தத் தடவை பார்க்க வந்த சகோதரிகள் யாரும் அழவில்லை. சமையல் சகோதரி மட்டும் வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்துவிட்டு, "என்னவோ கேட்கிற மாதிரி இருக்கு," என்றாள்.

அறுவடை முடிந்தது. பார்தொலோ பையனோடு நாளை வருகிறார் என்று சேதி வந்தது.

மடத்தில் ஒரு விதி உண்டு. வெளியாளோடு ஒரு சகோதரி பேசும்போது இன்னொரு சகோதரி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பேசுகிறவள் விதி மீறாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அவளுக்கு 'கேட்பவள்' என்றே பேர். கேட்பவள் வாயைத் திறக்கக் கூடாது.

ஓர்சொலா மடத்துத் தலைவியிடம் போனாள்.

"வழக்கமா கேட்கிற சகோதரிக்குக் காய்ச்சல், தாயே. நாளைக்கு தெஸ்ஸா உட்காரட்டும்."

தலைவி நிமிர்ந்து பார்த்தார். காலையில்தான் அந்தச் சகோதரி தோட்டத்தில் கிணற்றடியில் பாடிக்கொண்டிருந்ததை அவர் கேட்டிருந்தார்.

"பையனோட பேச விடமாட்டேன்னு நான் பார்தொலோவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"கேட்பவள் பேசக் கூடாதே, தாயே. விதி அப்படித்தானே?"

தலைவி ஜெபமாலையில் இரண்டு மணிகளை உருட்டினார்.

"ஒரு வார்த்தை கூடாது. தும்மல்கூடக் கூடாது. சத்தம் கேட்டா பார்தொலோ பையனை இழுத்துக்கிட்டுப் போயிடுவார், படமும் இங்கேயே கிடக்கும். அவகிட்ட சொல்லு."

மறுநாள் பேச்சு அறையில் ஓர்சொலா திரைக்கு அருகில் உட்கார்ந்தாள். தெஸ்ஸா அவளுக்குப் பின்னால் ஒரு முக்காலியில். சுவரில் ஒரு மரப்பெட்டி இருந்தது. இந்தப் பக்கம் ஒன்றை வைத்துத் திருப்பினால் அந்தப் பக்கம் போய்ச் சேரும், ஆள் முகம் தெரியாது. படத்தைக் கம்பளித் துணியில் சுற்றி, தெஸ்ஸாவே பெட்டியில் வைத்தாள். திருப்பினாள். பெட்டி கிறீச்சிட்டது.

அந்தப் பக்கம் துணி அவிழும் சத்தம் கேட்டது.

"அம்மா, நான் சொன்னது இது இல்லையே," என்றார் பார்தொலோ. "பாலனைப் பார்க்கிற மாதா வேணும்னு எத்தனை தரம் சொன்னேன். இதுவும் முறைக்குது."

"முறைக்கலை, ஐயா."

"என் கண்ணுக்கு முறைக்கிற மாதிரிதான் தெரியுது. வேற படம் இருந்தா கொடுங்க. இருக்கிறதுல ஒண்ணு."

தெஸ்ஸா ஓர்சொலாவின் முதுகையே பார்த்தாள். வேலை அறையில் வேறு படம் இரண்டு இருந்தன. ஓர்சொலா இல்லை என்று பொய் சொல்ல மாட்டாள்.

"இருக்கு," என்றாள் ஓர்சொலா. "ஆனா படம் தம்பிக்குத்தானே? தம்பி பார்த்துச் சொல்லட்டும்."

அந்தப் பக்கமிருந்து இன்னொரு குரல் வந்தது. உடைய ஆரம்பித்திருந்த குரல், பாதி பிள்ளை, பாதி ஆள். தெஸ்ஸாவுக்கு அது யாரென்று ஒரு கணம் தெரியவில்லை. அவள் காதில் பத்து வருஷமாக இருந்தது மழலை. அந்த மழலை இனி உலகத்தில் எங்கேயும் இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"உப்புக் காத்து பட்டா இது உதிர்ந்துடுமா?" என்று கேட்டான் தத்தேயோ.

"உதிராது. மேலே எண்ணெய் பூசியிருக்கு. ஈரத்துல மட்டும் வைக்காதே. அந்தக் கம்பளியிலேயே சுத்தி வை."

"ஓரத்துல இருக்கிறது நிஜத் தங்கமா?"

"நிஜம்தான். நாய்ப்பல்லால தேய்ச்சுப் பளபளப்பு ஏத்தினது."

"நாய்ப்பல்லா?" பையன் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு தெஸ்ஸாவுக்குத் தெரிந்தது. அவன் அப்பாவின் சிரிப்பு. அவளுக்குக் கேட்க எவ்வளவோ இருந்தது. குளிர்காலத்தில் இன்னும் காது வலிக்கிறதா, கப்பலில் கழுத்துக்குக் கம்பளி வைத்திருக்கிறானா, இரவில் போர்வையை இன்னும் உதைத்துத் தள்ளுகிறானா. ஒன்றையும் கேட்கவில்லை. உதட்டைப் பல்லால் அழுத்திக்கொண்டாள்.

"பெரியப்பா, இதுவே இருக்கட்டும்," என்றான் தத்தேயோ.

"ஏன்டா? வீட்டுல இருக்கிற மாதா எவ்வளவு அழகா இருக்கு. அது மாதிரி ஒண்ணு வாங்கிக்கோ."

"வீட்டு மாதா அவங்க பிள்ளையைத்தான் பார்ப்பாங்க. நான் எத்தனையோ தடவை போய் நின்னு பார்த்திருக்கேன்."

பார்தொலோ கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு இதெல்லாம் தோன்றியதில்லை, அவ்வளவுதான். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "சரி, உன் இஷ்டம். நான் போய்க் கோவேறு கழுதையை அவிழ்க்கிறேன், சீக்கிரம் வா," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

பையன் போகவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் அவன் இடதுபுறம் நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு வலதுபுறம். எல்லோரும் செய்கிற காரியம்தான்.

"எந்தப் பக்கம் போனாலும் பார்க்கிறாங்க," என்றான்.

"ஆமா," என்றாள் ஓர்சொலா.

அவன் திரைக்கு நெருங்கி வந்தான். கறுப்புத் துணியின் மேல் அவன் நிழல் விழுந்தது. தெஸ்ஸா கை நீட்டினால் தொடும் தூரம். இரண்டு கையாலும் முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேட்கட்டுமா?"

"கேளு."

"மடியில பிள்ளை இருக்கே. அந்தப் பிள்ளை அவங்களையே பார்த்துக்கிட்டு இருக்கு. அதைப் பார்க்காம, இவங்க ஏன் என்னைப் பார்க்கிறாங்க?"

ஓர்சொலா ஒரு தடவை திரும்பி தெஸ்ஸாவைப் பார்த்தாள். தெஸ்ஸா பேசவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை, துடைத்தால் அங்கி சரசரக்கும்.

ஓர்சொலா திரைப் பக்கம் திரும்பினாள்.

"மடியில இருக்கிற பிள்ளையைத் தேட வேண்டியது இல்லையே, தம்பி."